கோயில் திருப்பணியும் கொடுப்போர் கடமையும்

(உளுந்தூர்பேட்டையில் நம் சங்கத்தார் கூட்டிய கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் வட்டத்து ஊர் ஒன்றிலுள்ள மாதா கோயிலை விரிவாக்கிப் புதுப்பிக்கும் திருப்பணிக்குப் பொருள் வேண்டி, அவ்வூரார் நம் சங்கத்தை நாடி வந்திருக்கின்றனர் என்பதை யாவரும் அறிவீர். அதுபற்றிச் சில சொற்கள் கூறுமாறு செயற்குழுவினர் எம்மைப் பணித்தனர். தமிழாசிரியர்க்குக் கட்டடமும் கணக்கும் என்ன தெரியும் என்று எவரேனும் நினைத்தல் கூடும். கட்டடத்தைக் கொத்தனாரும் பொறியாளரும் பார்த்துக்கொள்வர். கொடுப்பவர் மனம் எவ்வாறிருத்தல் வேண்டும் என்பதைப் பற்றிப் பேசுதற்கு எவர்க்கும் தடையில்லையன்றோ?

நம் சங்கத்தில் சைவரும் உளர், வைணவரும் உளர், கிறிஸ்தவரும் உளர். குலம் ஒன்று, வழிபாடு பல. ஆகலின் கிறிஸ்தவக் கோயிலுக்குச் சங்கம் பொருள் கொடுத்தல் தகுமா என்னும் வினா நம்மிடையே எழவேயில்லை. அது நமக்குப் பெருமை தரத்தக்கது. ஆனால் வேறொரு வினா எழுந்தது. நம் சங்கம் பெருந்தொகை கொடுப்பதாயின், கோயில் முகப்பில் நம் குலப்பெயரைப் பொறித்தல் வேண்டும். நடுக்கூடத்து முன்வரிசைகள் நம்மவர்க்கு உரியனவாதல் வேண்டும். தேர்ப்பவனியில் முதல் மரியாதை நமக்கே என்று எழுதித் தருதல் வேண்டும் என்று சிலர் கருத்துரைத்தனர். அவர்கள் எம் மதிப்பிற்குரியவர்கள், சங்கத்திற்கு உழைத்தவர்கள். ஆயினும் இவ்விடத்து அவரோடு உடன்பட எம்மால் இயலவில்லை. கொடை கொடையாகவே செல்லுதல் வேண்டும். நிபந்தனையோடு செல்லுமாயின் அது செல்லாதிருத்தலே நன்று. இதனை விளக்குதலே இச்சொற்பொழிவின் நோக்கம்.

முதற்கண் தேவையைக் கூறுவாம். அக்கோயில் சில குடும்பங்களுக்காக எழுந்தது. இன்று குடும்பங்கள் பல்கிப் பெருகிவிட்டன. ஞாயிற்றுக்கிழமைகளில் பாதிப்பேர் உள்ளே இடமின்றி வேப்பமரத்தடியில் நின்றே பூசை காண்கின்றனர். மழைக்காலத்தில் மேற்கூரை ஒழுகுகின்றது. பழைய சுவர்கள் சுண்ணாம்புக் காரையால் ஆயவை. அவற்றின்மேல் பின்வந்தோர் சிமெண்டு பூசினர். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உள்வாங்கி மெல்ல வெளிவிடும் இயல்புடையது. சிமெண்டுப் பூச்சு அவ்வழியை அடைத்துவிடுவதால் ஈரம் உள்ளேயே தங்கிச் சுவரைக் கெடுக்கின்றது. இதனை அறியாது பூச்சின்மேற் பூச்சு இடுதல் பணத்தை நீரில் கரைப்பதேயாம். மேலும் பழைய கட்டடத்தோடு புதிய பகுதியைச் சேர்த்துக் கட்டுங்கால், பழையது முன்னரே மண்ணில் அமர்ந்திருக்கும். புதியது கட்டியபின்னரே மெல்ல அமரும். இரண்டையும் இடைவெளியின்றி இறுகப் பிணைத்தால் வெடிப்புக் காணும். ஆகலின் தகுதிவாய்ந்த பொறியாளர் ஒருவரைக் கொண்டு முதலில் ஆராய்வித்து, மதிப்பீடு எழுதி வாங்கிய பின்னரே நன்கொடைச் சீட்டை அச்சிடுதல் வேண்டும். தொகை இன்னதென்று தெரியாமல் உண்டியல் ஏந்துவது, ஊர்ப் பெயர் அறியாமல் வண்டி பூட்டுவதையொக்கும்.

இனிப் பொருள் திரட்டும் வகையைப் பார்ப்போம். தமிழ் நாட்டில் கோயில்கள் எவ்வாறு எழுந்தன என்பதை நோக்கின் அவ்வகை தானே விளங்கும். நம் ஊருக்குத் தெற்கே, விருத்தாசலம் செல்லும் வழியில், மங்கலம்பேட்டைக்கு அணித்தே உள்ளது கோணான்குப்பம். அங்குள்ள பெரியநாயகி மாதா கோயில், தேம்பாவணி பாடிய வீரமாமுனிவரால் பதினெட்டாம் நூற்றாண்டில் நிறுவப்பெற்றது. 1680-ஆம் ஆண்டில் இத்தாலி நாட்டில் பிறந்த அம்முனிவர் நம் மண்ணில் கோயில் எழுப்பியபோது அவர்க்குத் துணைநின்றவர் முகாசாபரூர்ப் பாளையக்காரராகிய கச்சிராயர் என்பது வழிவழி வந்த செய்தி. கச்சிராயர் கிறிஸ்தவர் அல்லர். ஆயினும் தம் எல்லைக்குள் எழுந்த கோயிலைத் தம்முடையதாகவே எண்ணி உதவினார். அம்முனிவரும் மாதாவை நம் நாட்டுப் பெண்ணாகவே கண்டு, பெரியநாயகி என்னும் தமிழ்ப்பெயர் சூட்டினார். கொடுத்தவர் ஒரு சமயத்தார், கட்டியவர் வேறு நாட்டார், வணங்குவோர் எல்லாரும். இன்றும் திருவிழாக் காலத்தில் அங்கே செல்வோரிடம் எவரும் குலம் கேட்பதில்லை.

வேளாங்கண்ணியை எண்ணிப் பாருங்கள். அக்கோயில் ஒரே நாளில் இன்றைய உருவம் பெற்றதன்று. 1933-ஆம் ஆண்டில் இருபுறமும் சிறகுகள்போல் கூடங்கள் சேர்த்து விரிவாக்கினர். 1962-ஆம் ஆண்டில் பேராலயம் என்னும் சிறப்பு அதற்கு வழங்கப்பெற்றது. 1975-ஆம் ஆண்டளவில் பின்புறத்தே மாடியோடு கூடிய புதிய பகுதி எழுந்தது. பல சமயத்தாரும் நடந்து சென்று இட்ட காணிக்கைகள் அங்கே குவிந்து வருகின்றன. அக்காணிக்கையில் எந்தக் காசு எவருடையது என்று பிரித்தறிய எவரால் முடியும்?

விவிலியத்தின் பழைய ஏற்பாட்டில் யோவாசு என்னும் அரசனின் வரலாறு உள்ளது. எருசலேம் ஆலயம் பழுதுற்றிருந்தது. குருக்கள் தத்தமக்கு அறிமுகமானவரிடம் பொருள் பெற்றுப் பழுது பார்க்குமாறு அரசன் முதலில் ஆணையிட்டான். அவன் ஆட்சியின் இருபத்துமூன்றாம் ஆண்டு வரையில் ஒரு பழுதும் நீங்கவில்லை. பின்னர் ஒரு பெட்டியின் மூடியில் துளையிட்டுப் பலிபீடத்தின் அருகே வைத்தனர். பெட்டி நிறைந்தபோது அரசனுடைய எழுத்தனும் தலைமைக் குருவும் ஒருங்கே இருந்து எண்ணினர், தச்சர்க்கும் கொத்தர்க்கும் கல்தச்சர்க்கும் உரிய கூலி முறையாகச் சென்றது, பணி நிறைவேறிற்று. இதனால் அறியத்தக்கது யாது? அறிமுகத்தால் திரட்டுவது குறையும். பொதுவில் திரட்டுவது நிறையும். பணத்தை ஒருவர் மட்டும் எண்ணலாகாது. இருவர் எண்ணுதல் வேண்டும். இவ்வளவே இன்றும் வேண்டுவது.

நம் ஊர்களில் செய்யத்தக்கவை சில. வீடுதோறும் பெண்கள் உலையிலிடும் முன் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்துவைத்து வாரந்தோறும் கோயிலில் சேர்க்கும் வழக்கம் தமிழ்க் கிறிஸ்தவரிடையே நெடுநாளாக உண்டு. அது சிறிது, ஆனால் ஏழையும் செய்யத்தக்கது. நெல்லும் கரும்பும் உளுந்தும் மல்லாட்டையும் விளைவிப்போர் அறுவடையில் ஒரு பங்கு கொடுக்கலாம். கூலிக்குச் செல்வோர் மாதம் ஒரு நாட்கூலி கொடுக்கலாம். பொருளில்லார் மண் சுமந்தும் செங்கல் எடுத்துக் கொடுத்தும் உடலுழைப்பு நல்கலாம். அதனையும் தொகையாக மதிப்பிட்டுக் கணக்கில் அவர் பெயரோடு ஏற்றுதல் வேண்டும்.

வெளிநாடு சென்ற நம்மவர் அனுப்பும் பணம் பற்றியும் ஒரு சொல். இந்தியக் குடியுரிமை உடையவர் வெளிநாட்டிலிருந்து தம் சொந்த வருவாயில் அனுப்புவது அயல்நாட்டு நன்கொடை ஆகாது. வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டவர் கொடுப்பது அயல்நாட்டு நன்கொடையே ஆகும். அதனைப் பெறுதற்கு 2010-ஆம் ஆண்டின் அயல்நாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவோ முன்னனுமதியோ வேண்டும். இவ்வேறுபாட்டை அறியாமல் பெற்றுப் பின்னர் இடர்ப்படலாகாது. நம் மாநில அரசும் 2016–17-ஆம் ஆண்டு முதல் கிறிஸ்தவ ஆலயங்களைப் பழுதுபார்க்க நிதியுதவி வழங்கும் திட்டம் ஒன்றை வகுத்தது. சொந்தக் கட்டடத்தில் குறைந்தது பத்தாண்டு இயங்கி வரும் ஆலயம் ஆதல் வேண்டும், அயல்நாட்டு நிதி பெறாதது ஆதல் வேண்டும் என்பன அதன் விதிகளுட் சில. கட்டடத்தின் வயதுக்கேற்ப உதவித் தொகை கூடும். மாவட்டப் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சிறுபான்மையினர் நல அலுவலகத்தில் உசாவி, இன்றைய விதிகளையும் தொகையையும் எழுத்தில் பெற்று விண்ணப்பித்தல் நன்று.

கணக்கு முறையும் இன்றியமையாதது. ஒவ்வொரு காசுக்கும் ரசீது வேண்டும். பணம் தனியே ஒரு வங்கிக் கணக்கில் இருத்தல் வேண்டும். மாதந்தோறும் வரவு செலவைக் கோயில் வாயிலில் எழுதித் தொங்கவிடுதல் வேண்டும். கத்தோலிக்கத் திருச்சபையின் 1983-ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பு, ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு ஒன்று இருத்தல் வேண்டும் என்று விதிக்கின்றது. ஒரு நோக்கத்திற்காகக் கொடுக்கப்பட்ட காணிக்கை அந்நோக்கத்திற்கே செலவாதல் வேண்டும் என்றும் விதிக்கின்றது. கொடுப்போர் கேட்கத்தக்க உரிமை இதுவே: என் பணம் எதற்குச் சென்றது என்று கேட்டல். இவ்வுரிமை ஒரு ரூபாய் கொடுத்தவர்க்கும் இலக்கம் கொடுத்தவர்க்கும் ஒன்றே.

இவ்வுரிமைக்கு மேலும் ஓர் உரிமை உண்டென்று எண்ணும்போதே தீங்கு தொடங்குகின்றது. இதனை நாம் கற்பனையாகக் கூறவில்லை. நம் நாட்டு வரலாறே சான்று பகர்கின்றது.

புதுச்சேரியிலிருந்த சம்பா கோயிலில் ஒரு வகுப்பாரை மற்றொரு வகுப்பாரினின்று பிரிக்க உள்ளே சுவர் இருந்தது. 1745-ஆம் ஆண்டில் அச்சுவர் குறித்து எழுந்த பூசலை ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதிவைத்துள்ளார். திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளம் என்னும் ஊர் உளது. 2022-ஆம் ஆண்டில் புனிதர் பட்டம் பெற்ற தேவசகாயம் பிள்ளை 1745-ஆம் ஆண்டில் திருமுழுக்குப் பெற்றது அவ்வூரிலேதான். அங்கே 1872-ஆம் ஆண்டில் எழுந்த கோயிலில் இரண்டு கூடங்கள் தனித்தனியே நீண்டு வந்து ஒரே பீடத்தில் கூடின. ஒன்று வேளாளர் முதலியோர்க்கு, மற்றொன்று நாடார் முதலியோர்க்கு, இடையே மதில். இருகால் விரித்த காற்சட்டை போலுள்ளது என்று அயலார் எள்ளி நகையாடினர். 1910-ஆம் ஆண்டளவில் அம்மதில் இடிக்கப்பட்டது. தம் உரிமை போயிற்றென்று ஒரு சாரார் நீதிமன்றம் ஏறினர். வழக்குச் சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்றது. அவர் வேண்டியது கிடைக்கவில்லை. கட்டியதில் எத்துணைப் பொருள் செலவாயிற்று? பிரித்ததில் எத்துணை? இடித்ததில் எத்துணை? வழக்காடியதில் எத்துணை? அத்தனையும் ஏழைகளின் காணிக்கையன்றோ!

தூரத்து ஊர்க் கதை என்று தள்ளிவிடுதற்கில்லை. நம் உளுந்தூர்பேட்டைக்கு அண்மையில், அந்நாள் விழுப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த இறையூரில் நிகழ்ந்ததை நாம் யாவரும் அறிவோம். கோயிலில் இருக்கை வேறு, சவ ஊர்வலத்திற்கு வழி வேறு, கல்லறை வேறு என்று தலித் கிறிஸ்தவர்கள் முறையிட்டனர். தமக்குத் தனிப் பங்கு வேண்டுமென்று கேட்டனர். வன்னியக் கிறிஸ்தவர்க்கும் அவர்க்கும் இடையே பகை மூண்டது. 2008-ஆம் ஆண்டு மார்ச் 9-ஆம் நாள் கலகம் வெடித்தது, வீடுகள் தாக்கப்பட்டன, காவலர் சுட்டதில் இருவர் மாண்டனர். மாண்டவரும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளே. தாக்குண்ட வீடுகளும் வியர்வை சிந்திக் கட்டியவையே. எவர் மீதும் பழி சுமத்த யாம் இவ்விடத்து வரவில்லை. ஆனால் ஒன்றை மறைத்தல் ஆகாது. செபமாலை மாதாவின் பெயரால் எழுந்த கோயிலின் நிழலில் அண்டை வீட்டார் ஒருவரையொருவர் அஞ்சி ஓடும் நிலை வந்ததென்றால், அக்கோயிலைக் கட்டிய கைகள் எதற்காகக் கட்டின என்று நாம் கேட்டுத்தான் ஆகவேண்டும்.

எதிர்த்துரைப்போர் கூறுவது இது: எம் முன்னோர் நிலம் கொடுத்தனர், எம் பாட்டனார் கல் சுமந்தனர், எம் பணத்தால் தேர் ஓடுகின்றது, ஆகலின் எமக்கு முதன்மை வேண்டும். இது பொருளற்ற வாதம் அன்று. நன்றியை எதிர்பார்த்தல் மனித இயல்பு. ஆயினும் இரண்டை வேறுபடுத்தி அறிதல் வேண்டும். சந்தையில் நாம் பணம் கொடுத்தால் பொருள் நம்முடையதாகும்; கோயிலில் பணம் கொடுத்தால் பணமும் நம்முடையதன்று, பொருளும் நம்முடையதன்று. கொடுத்த பின்னும் நம் கையிலேயே இருப்பது கொடையாகுமா? ஒருவர் ஆட்டைத் தானம் செய்துவிட்டுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தால் அதனைத் தானமென்று எவரும் சொல்லார். அன்றியும், அக்கோயிலுக்குக் கல் சுமந்தவர் நம் முன்னோர் மட்டுமோ? களத்தில் நெல் தூற்றி அதில் ஒரு பங்கைக் கோயிலுக்குக் கொடுத்தவர் யார்? மண் வெட்டிச் செங்கல் அறுத்தவர் யார்? அவர் பெயர் எந்தக் கல்வெட்டில் உள்ளது? பெயரில்லாமையால் அவர் கொடை இல்லாததாய்விடுமோ?

இயேசுபிரான் காணிக்கைப் பெட்டியின் எதிரே அமர்ந்திருந்தபோது செல்வர் மிகுதியாக இட்டனர். ஏழைக் கைம்பெண் ஒருத்தி இரண்டு சிறு காசு இட்டாள். அவளே மற்றெவரினும் மிகுதியாக இட்டவள் என்று அவர் கூறிய செய்தியைக் கிறிஸ்தவ அன்பர்கள் அறிவர். யாகப்பர் தம் நிருபத்தில், பொன்மோதிரம் அணிந்தவனுக்கு நல்ல இருக்கை கொடுத்து ஏழையைக் கால்மணைக்கு அருகே அமரச் சொல்வோரைக் கடிந்து கேட்கின்றார். கோயிலுள் இருக்கையைப் பற்றிய வழக்கு, திருச்சபை தோன்றிய முதல் தலைமுறையிலேயே தீர்ப்புச் சொல்லப்பட்ட வழக்கு என்று அறிக.

நம்முள் சைவ அன்பர்களுக்குப் பூசலார் வரலாற்றை நினைவூட்ட விரும்புகின்றோம். திருநின்றவூரினராகிய அவர் சிவபெருமானுக்குக் கோயில் எடுக்க விழைந்து, பொருள் வேண்டி எங்கும் அலைந்தார், கிடைக்கவில்லை. மனத்துள்ளேயே கடைக்கால் நாட்டிக் கல்லடுக்கிக் கோயில் எடுத்தார். காஞ்சியில் பல்லவ மன்னன் பெருஞ்செல்வம் செலவிட்டு எடுத்த கற்றளியின் குடமுழுக்கு நாளும் பூசலார் குறித்த நாளும் ஒன்றாயின. அன்று பூசலார் கோயிலுக்கே செல்வதாக இறைவன் மன்னன் கனவில் உணர்த்தினார் என்பது பெரிய புராணம் கூறும் வரலாறு. மன்னன் சினங்கொண்டானல்லன்; பூசலாரைத் தேடிச் சென்று வணங்கினான். பொருள் கொடுத்த மன்னன் முதல் மரியாதை கேட்கவில்லை என்பதை நாம் கருதுதல் வேண்டும்.

ஆகலின் யாம் சங்கத்தார் முன் வைக்கும் வேண்டுகோள் நான்கு. முதலாவது, நம் தொகை எவ்வித நிபந்தனையுமின்றி, பிறர் நன்கொடையோடு ஒரே கணக்கில் சேர்தல் வேண்டும். இரண்டாவது, முகப்பில் எக்குலப்பெயரும் வேண்டா. பெயர் எழுதுவதாயின் ஒரு பிடி அரிசி கொடுத்தவர் முதலாக எல்லார் பெயரையும் ஒரே அளவு எழுத்தில் ஏட்டில் எழுதிக் கோயிலில் வைப்போம். மூன்றாவது, திருப்பணிக் குழுவில் அப்பங்கைச் சேர்ந்த எல்லாத் தெருவினரும், பெண்களும் இடம்பெறுமாறு அவ்வூராரைக் கேட்டுக்கொள்வோம். நான்காவது, இதுவே முதன்மையானது: விரிவாக்கத்தின் வரைபடம் எழுதும்போதே வாயில், இருக்கை, தேர் செல்லும் தெரு, பாடை செல்லும் வழி, கல்லறைத் தோட்டம் ஆகிய ஐந்தும் எல்லார்க்கும் பொதுவென்று அவ்வூர்ப் பொதுக்கூட்டத்தில் தீர்மானம் இயற்றப்படுதல் வேண்டும். சுவர் எழுந்தபின் மாற்றுதல் அரிது. வரைபடத்தில் ஒரு கோட்டை அழித்தல் எளிது.

நான்காவது வேண்டுகோளும் ஒரு நிபந்தனையன்றோ என்று நுண்ணறிவுடையோர் வினவலாம். அன்று. அத்தீர்மானம் இயற்றப்படாவிடினும் நம் பொருளைக் கொடுக்கவே வேண்டுமென்பது எம் கருத்து. ஒழுகும் கூரையின் கீழ் நிற்பவர் எல்லா வகுப்பினரும் ஆவர். ஆனால் கேட்கும் கடமை நமக்கு உண்டு. நமக்கென்று ஒன்று கேட்டால் அது பேரம். நம்மினும் மெலியார்க்கென்று கேட்டால் அது அறம். இவ்வேறுபாட்டை நம் பிள்ளைகள் நம்மிடம் கண்டு கற்றுக்கொள்ளட்டும்.

இவ்வாறு செய்தால் நம் சங்கத்தின் பெயர் மறைந்துவிடுமே என்று சிலர் வருந்தலாம். மறையாது. பிறர் இடம் பறித்துப் பெற்ற பெயர் கல்லில் இருந்தும் நாளடைவில் வசையாகும். எல்லாரும் ஒரே வாயில் வழியே நுழைந்து ஒரே வரிசையில் முழந்தாளிடும் கோயில் ஒன்று நம் வட்டத்தில் எழுந்ததென்றால், அதற்கு முதலில் வாய்திறந்து வேண்டியவர் நம் சங்கத்தார் என்று ஊர் சொல்லும். நம் குலத்திற்கு உயர்வு தேடும் சங்கம் நமது. பிறரைத் தாழ்த்தாமல் உயர்தற்கு வழி இதுவேயாம்.

இன்று இக்கூட்டம் கலையுமுன் நன்கொடைச் சீட்டில் கையொப்பம் இடுமாறு அன்பர்களை வேண்டுகின்றோம். எம் ஒரு மாத ஊதியத்தில் பத்தில் ஒரு பங்கை இப்பொழுதே எழுதியுள்ளோம். பெருந்தொகை எழுதுவோர் எழுதுக. சிறுதொகை எழுதுவோர் கூசற்க. திருப்பணி இனிது நிறைவேறவும், அக்கோயிலின் மணியோசை எல்லாத் தெருவிலும் ஒன்றுபோல் மகிழ்வோடு கேட்கப்படவும் எல்லாம்வல்ல இறைவன் அருள்புரிவாராக.